மூக்கில் குறைந்த ஒன்பது கிலோ

"முப்பத்தொன்பது!" என்று டெஸ்மண்ட் வெளியிலிருந்து கத்தியபோது நான் உள்ளே பேக்கன் வறுத்துக்கொண்டிருந்தேன். என் வயதை அவன் அப்படிக் குறைத்துச் சொல்லமாட்டான். காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் எங்கள் கேரவன் வீட்டின் மூக்கு எடையைத்தான் சொல்கிறான் என்று புரிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டேன். நாற்பதுக்குக் கீழே போனால் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

எட்டிப் பார்த்தேன். ஈரப் புல்லில் ஒரு பலகை, பலகை மேல் எங்கள் குளியலறை எடை மெஷின், மெஷின் மேல் அளவாக அறுத்த துடைப்பக்கட்டை, கட்டையின் தலையில் வண்டியின் முன்முனை. என் கணவன் மழைக்கோட்டோடு முழங்காலிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். காரின் பின்னால் வண்டியை மாட்டும் இரும்புக் குண்டின் மேல் அது எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் மூக்கு எடை. எங்களுடையதற்கு நாற்பத்தெட்டு இருக்க வேண்டும். மூக்கு இலேசானால் வால் கனம் என்று அர்த்தம். வால் கனத்த வண்டி நெடுஞ்சாலையில் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும். ஒரு கட்டத்துக்குமேல் அதை நிறுத்த யாராலும் முடியாது.

"வந்த அன்னிக்கு நாற்பத்திமூணு. இப்போ முப்பத்தொன்பது. மூணு நாள்ல என்ன வாங்கினே, அவ்ரில்?"

"ரெண்டு புகைபோட்ட மீன். அதையும் நீதான் தின்னே."

"விளையாடாதே. போன ஆகஸ்ட்ல நாற்பத்தெட்டு. அப்புறம் நாற்பத்தாறு, நாற்பத்தஞ்சு, நாற்பத்திமூணு. யாரோ பின்பக்கம் எதையோ ஒளிச்சு வச்சுக்கிட்டே இருக்காங்க. வண்டியில ரெண்டு பேர்தான் இருக்கோம்."

டெஸ்மண்ட் டெர்பிஷயரில் ஒரு கல்குவாரியின் வாசலில் முப்பது வருஷம் லாரிகளுக்கு எடை போட்டவன். எந்த லாரிக்காரன் என்ன சத்தியம் செய்தாலும் நம்பமாட்டான். மெஷின் சொன்னால் நம்புவான். நான் அதே ஊர்ப் பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருட்கள் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவள். எனக்கு எந்தப் பையைக் கண்டாலும் உள்ளே என்ன என்று பார்த்தாக வேண்டும், எதையும் தூக்கிப் போடவும் மனசு வராது. இந்த இரண்டு பேரும் எழுநூற்று ஐம்பது கிலோவைத் தாண்டக்கூடாத ஒரு குட்டி கேரவனை வாங்கியது எங்கள் கூட்டு முட்டாள்தனம்.

வாங்கிய நாளிலிருந்து அவனுக்குக் கிராம் பைத்தியம். பல்விளக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டினான். டின் உணவு எதற்கும் அனுமதி இல்லை. என் வார்ப்பிரும்புச் சட்டியைத் துண்டில் சுற்றிப் படுக்கைக்கு அடியில் வைத்திருந்ததை ஏப்ரலில் கண்டுபிடித்து, கள்ளக்கடத்தல்காரியைப் பிடித்ததுபோல் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். ஆகவே என் பேரில் ஏற்கெனவே ஒரு வழக்கு இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"டெஸ்மண்ட், நல்லா கேட்டுக்கோ. இந்த வண்டியை வாங்கும்போது இதுல இல்லாத எதையும் நான் இப்போ ஒளிச்சு வச்சிருக்கலை."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அவன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். "மூக்குல ஒன்பது குறையணும்னா வால்ல பதினஞ்சு, பதினாறு கிலோ ஏறியிருக்கணும். அது தானா ஏறாது. நாம ஸ்காட்லாந்து போகலை. வீட்டுக்குத் திரும்புறோம், வண்டியை வித்துடுறோம். பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டே பொய் சொல்ற ஆளை வச்சுக்கிட்டு என்னால வண்டி இழுக்க முடியாது."

எனக்கு வருத்தம் ஒன்றல்ல. வண்டி போகிறதே என்பது ஒன்று. வீட்டில் டெஸ்மண்ட் பேசமாட்டான். அறைக்கு அறை நகர்ந்துகொண்டே இருப்பான். நாலு மீட்டர் கேரவனுக்குள் நகர இடமில்லை என்பதால் பேசுவான். குவாரியில் ஒருமுறை அழுததைப் பற்றி மழை பெய்த ஒரு மத்தியானம் இந்த மேசையில் உட்கார்ந்துதான் சொன்னான், கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம் கழித்து. அந்தப் பேச்சு போகிறதே என்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலே, பொய்க்காரி என்று சொல்லிவிட்டானே.

"சரி, எல்லாத்தையும் வெளியே எடு. ஒவ்வொண்ணா எடை போடு. கூடுதலா ஏதாவது இருந்தா, வண்டியை விக்கிற விளம்பரத்தை நானே எழுதறேன்" என்றேன்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. நாங்கள் நின்றிருந்தது இங்கிலாந்தின் வடகோடியான நார்த்தம்பர்லாந்தில், கடலைப் பார்த்த ஒரு பண்ணையில். ஐந்து கேரவன்களுக்குத்தான் இடம். தார்ப்பாய் விரித்துச் சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கினோம். மெத்தை, கெட்டில், நாற்காலிகள், கால்மிதி, இலேசான ஒரே ஒரு அலுமினியப் பாத்திரம். டெஸ்மண்ட் கொக்கித் தராசில் தொங்கவிட்டுப் பார்ப்பான், எடையெல்லாம் எழுதிவைத்த நோட்டைப் பார்ப்பான், டிக் அடிப்பான். என் பின்னல் பையையும் தொங்கவிட்டான்.

"கம்பளி நூல், ஒண்ணு புள்ளி நாலு. சரியா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தான். நான் மடியில் வைத்துக்கொண்டேன்.

மற்ற நாலு கேரவன்களிலும் திரைச்சீலைகள் ஒரு விரற்கடை விலகியிருந்தன. எங்கள் கேரவன்காரர்கள் யாரும் அடுத்தவர் வண்டியை வேடிக்கை பார்ப்பதில்லை. பாத்திரம் கழுவுவார்கள், ஒரே கோப்பையை இருபது நிமிஷம். அரைமணி கழித்து ஒருத்தி மட்டும் கோப்பையை வைத்துவிட்டு இறங்கி வந்தாள். பக்கத்து இடத்து நெஸ்டா, வேல்ஸ்காரி, பிரசவம் பார்க்கும் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். முந்தின நாள் எனக்குக் கேக் கொடுத்திருந்தாள்.

"ஏதாவது உதவி வேணுமான்னு கேட்க வந்தேன்" என்றவள், "பொய். வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன். விவாகரத்தா, கண்ணு?" என்று கேட்டாள்.

"இன்னும் தெரியலை. கணக்கு முடியட்டும்" என்றேன்.

கணக்கு முடிந்தது. டெஸ்மண்ட் இரண்டு முறை கூட்டினான், மூன்றாவது முறை வாய்விட்டுக் கூட்டினான். தார்ப்பாயில் கிடந்ததும் நோட்டில் இருந்ததும் அரைக் கிலோ வித்தியாசம்கூட இல்லாமல் ஒத்துப்போயின. அவன் மெஷின் சொல்லிவிட்டது, நான் எதையும் ஏற்றவில்லை என்று. எனக்கு அவன் தலையில் அந்த நோட்டாலேயே ஒரு போடு போட வேண்டும் போலிருந்தது. ஆனால் அதற்குள் வேறொன்று என்னைப் பிடித்துக்கொண்டது. அப்படியானால் அந்தப் பதினாறு கிலோ எங்கே?

காலி வண்டியின் மூக்கை மறுபடி இறக்கிப் பார்த்தோம். வெறும் வண்டிக்கு அவன் எழுதி வைத்திருந்த எண்ணுக்கு ஒன்பது கிலோ குறைவு. உள்ளே ஒரு கரண்டிகூட இல்லை.

"அப்போ சாமான் இல்லை, வண்டியேதான் குண்டாயிருக்கு" என்றேன்.

"வண்டி எப்படி குண்டாகும்?" என்றான் டெஸ்மண்ட். கோபம் போய்க் குரலில் குழப்பம் வந்திருந்தது.

நெஸ்டா மழைக்கோட்டுப் பையிலிருந்து சின்னக் கருவி ஒன்றை எடுத்தாள். முனையில் இரண்டு ஊசிகள். ஒரு தடவை பழைய கேரவன் வாங்கி ஏமாந்த பிறகு அது இல்லாமல் வெளியே கிளம்புவதில்லையாம், சர்ச்சுக்குக்கூட. உள்ளே போய்ப் பக்கச் சுவரில் ஊசியை வைத்தாள்; பன்னிரண்டு. முன்சுவர், பதினொன்று. பின்சன்னலுக்குக் கீழே வைத்ததும் கருவி கீச்சென்று கத்தியது. நாற்பது வரைதான் அதற்கு எண் தெரியுமாம், நின்றது நாற்பதில்.

"தட்டிப் பாரு, கண்ணு."

தட்டினேன். பக்கச் சுவர் டொக் என்றது, பின்சுவர் பொத்தென்றது. கட்டை விரலால் அழுத்தினேன். கனிந்த பேரிக்காயை அழுத்தினதுபோல் சுவர் உள்ளே போனது, திரும்பி வரவில்லை.

"தண்ணி. இந்த ஊசி ஈரத்தைத்தான் அளக்குது. சுவருக்குள்ள மரம், பலகை, பஞ்சு எல்லாம் குடிச்சிருக்கு. பதினாறு லிட்டர் இருக்கும்" என்றாள் நெஸ்டா. "எங்கேயோ வழி இருக்கணுமே?"

அந்த வழியைப் பார்க்க நான்தான் முதலில் பின்பக்கம் ஓடினேன். சன்னல் ரப்பர் சரியாக இருந்தது, விளக்குகளும் சரி. விளக்குகளுக்கு மேலே, பக்கத்துக்கு நாலாக எட்டு வெள்ளைப் புள்ளிகள். ஒன்றை நகத்தால் நெருடினேன். வெள்ளைப் பசை முழுதாகக் கழன்று கையில் வந்தது. ஓட்டையிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் ஒழுகி என் மணிக்கட்டில் இறங்கியது.

மூன்று வருஷத்துக்கு முன் அங்கே இரண்டு கைப்பிடிகள் இருந்தன. வண்டியைக் கையால் தள்ளி நிறுத்துவதற்கென்று தயாரித்தவர்களே வைத்தவை. பக்கவாட்டில் பிடித்தும் தள்ளலாமே, இது எதற்கு அறுநூறு கிராம் தண்டம் என்று டெஸ்மண்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றைக் கழற்றி, ஓட்டைகளைப் பசையால் அடைத்தான். அப்போதே வேண்டாம் என்று சொன்னேன்.

நெஸ்டா அந்தப் பசையை விரலில் உருட்டிப் பார்த்தாள். "குளியலறைத் தொட்டி ஓரத்துல பூசுறதா? ஐயோ. வண்டி குலுங்கிக்கிட்டே இருக்குமே, இது வெடிக்காம என்ன செய்யும்? இந்த மகா காரியத்தைப் பண்ணின மேதாவி யாரு?"

டெஸ்மண்ட் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டு வந்தான். எட்டாவது புள்ளியில் கை நின்றது.

"அறுநூறு கிராம்" என்றான்.

அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இந்த வெற்றிக்காக நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன், கிடைத்ததும் ருசிக்கவில்லை.

"நான்தான்" என்று என் பக்கம் திரும்பினான். "நீ அப்பவே வேணாம்னே. எல்லாம் பண்ணிட்டு உன்னைப் போய்ப் பொய்க்காரின்னேன். என்னை மன்னிச்சுடு, அவ்ரில். வித்துடலாம். இல்லை, இதை யார் வாங்குவா? உடைக்கக் கொடுத்துடலாம்."

"உடைக்கிறதாவது!" என்றாள் நெஸ்டா. "உள் பலகையைப் பிரிச்செடுத்து, குளிர்காலம் முழுக்கக் காயவிட்டு, புது மரம் வச்சா ஆச்சு. நானும் என் வீட்டுக்காரரும் ரெண்டு தடவை பண்ணியிருக்கோம், விவாகரத்து ஆகலை. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் முன்பக்கம் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வச்சு மெதுவா ஓட்டிட்டுப் போங்க. ஒண்ணுதான் சிக்கல். அந்த எட்டு ஓட்டைக்கும் பழைய கைப்பிடியே திரும்ப வந்தாத்தான் நல்லா அடையும். இந்த மாடலுக்கு இப்போ அதெல்லாம் கிடைக்காதே. வச்சிருக்கீங்களா?"

"குப்பையில போடச் சொன்னேன்" என்றான் டெஸ்மண்ட் தரையைப் பார்த்தபடி. "இவ போட்டுட்டா."

இருபத்திரண்டு வருஷம் தொலைந்த பொருட்களைப் பார்த்துக்கொண்டவளைப் போய்க் குப்பையில் போடச் சொன்னான்.

நாற்காலிக்குத் திரும்பி, அங்கே விட்டுப்போன பின்னல் பையை மடியில் வைத்துத் திறந்தேன். நீல நூல்கண்டு, பழுப்பு நூல்கண்டு, பாதியில் நிற்கும் அவனுடைய ஸ்வெட்டர், அதற்கடியில் தேநீர்த் துண்டில் சுற்றிய பொட்டலம். இரண்டு கைப்பிடிகள், அவற்றின் ரப்பர்கள், எட்டுத் திருகாணிகள். தார்ப்பாயில் கிடந்த மெத்தையின் மேல் வரிசையாக வைத்தேன். நெஸ்டா வாயைப் பொத்திக்கொண்டு தன் வண்டிப் பக்கம் திரும்பி நின்றாள்.

"மூணு வருஷமா?" என்றான் டெஸ்மண்ட்.

"மூணு வருஷமா. முன்பக்கம்தான் வச்சிருந்தேன், மூக்குக்கு நல்லதுன்னு."

"ஒவ்வொரு பயணத்துக்கும் நான் அந்தப் பையை எடை போட்டேனே!"

"எடை போட்டே. திறந்து பார்க்கலை."

ஆக, பதினாறு கிலோ விஷயத்தில் அவன் என் மேல் போட்டது அபாண்டம். அறுநூறு கிராம் விஷயத்தில் அவன் சொன்னது உண்மை. என் காது சூடானது. அவன் ஒரு கைப்பிடியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். சிரிக்கிறானா, திட்டப் போகிறானா என்று தெரியவில்லை; நாற்பது வருஷம் கழித்தும் எனக்கு அது சில சமயம் தெரிவதில்லை. பிறகு நோட்டை எடுத்து, கம்பளி நூல் ஒன்று புள்ளி நாலை அடித்துவிட்டு, கம்பளி நூல் பூஜ்யம் புள்ளி எட்டு, கைப்பிடி பூஜ்யம் புள்ளி ஆறு என்று எழுதினான். கூட்டுத்தொகை மாறவில்லை.

"வேற ஏதாவது இருக்கா, அவ்ரில்?"

"இல்லை" என்றேன். இந்த முறை அதில் எந்தச் சாமர்த்தியமும் இல்லை.

கொக்கித் தராசு அவன் கைக்கெட்டும் தூரத்தில் புல்லில் கிடந்தது. பை திறந்தபடி என் மடியில் இருந்தது. எந்த லாரிக்காரன் சொல்லையும் முப்பது வருஷம் நம்பாத மனுஷன், என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தான். நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"சரி" என்றான். உருளைக்கிழங்கு கேட்கப் பண்ணை வீட்டுக்கு நடந்தான்.