சுவரில் சாத்திய சைக்கிள்

அந்த மாதம் றாஹிலா ஏறி இறங்காத வாசல் இல்லை. புளியடி வட்டையில் வயல் செய்கிற ஆக்களின் கமக்காரர் அமைப்பில் நிர்வாகக் குழு ஒரு முடிவு எடுத்திருந்தது. குளத்தில் தண்ணி குறைவாம், அதனால் இந்தச் சிறுபோகத்துக்கு இனி வாய்க்காலின் மேல்பக்க வயல்களுக்கு மட்டும்தான் தண்ணியாம். வாய்க்கால் முடியிற இடத்தில் கிடந்த றாஹிலாவின் ரெண்டு ஏக்கரும் கதிர் தள்ளப்போகிற குடலைப் பருவத்தில் நின்றது. இன்னும் ஒரு தண்ணி பாயாவிட்டால் அவ்வளவும் பதர். விதைக்கச் சொன்ன நேரம் இந்த ஞாயம் எங்கே போயிருந்ததாம்? புருசன் மவுத்தான பிறகு அவர் இடத்தில் அங்கத்தவராகி, ஆம்புளைகளோடு வரம்பில் நின்று செய்த வேளாண்மை அது.

தலைவர் மஜீட் ஹாஜியாரிடம் போய் நின்றாள். அவர் கோபிக்கவில்லை. குழுவின் முடிவைத் தனியே மாற்றத் தனக்கு ஏலாது, பொதுச்சபைக்கு மேன்முறையீடு போடுங்க என்றார். அங்கத்தவரில் மூன்றில் ஒரு பங்கு ஆக்கள் இருந்தால்தான் கூட்டம் செல்லுபடியாகும், வந்த ஆக்களில் பாதிக்கு மேல் கை தூக்கினால் குழுவின் முடிவு தள்ளுபடியாகும் என்று அமைப்பின் யாப்புப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். றாஹிலா கல்முனைக்குப் போய் டைப் அடித்துக்கொண்டு வந்தாள். சொறிக்கல்முனை அழகரெத்தினம் வழிமொழிந்தார், அவருடைய வயலும் அவளுடைய வரம்புக்கு அடுத்ததுதான். வீடு வீடாகக் கேட்டதில் எல்லாரும் ஓம் என்றார்கள். புருசனில்லாத ஒருத்தியின் முகத்துக்கு நேரே எவன் மாட்டேன் என்பான்? தம்பி முபீனிடம் மட்டும் அவள் கேட்கவில்லை. கூடப் பிறந்தவனிடம் போய் இதைக் கேட்கிறதா? அவனுடைய வயல் மேல்பக்கத்தில், முதல் மதகடியில் இருப்பதை அவள் பெரிதாக எடுக்கவில்லை.

கூட்டம் பின்னேரம். போன கூட்ட அறிக்கை, கணக்கறிக்கை, உர விசயம் எல்லாம் ஆறுதலாக நடந்து மேன்முறையீடு கடைசியில்தான் வந்தது. வாசிக்கத் தொடங்கவும் பக்கத்துப் பள்ளியில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. தொழுதுவிட்டு வருவோம் என்றார் தலைவர். அதில் ஆர் குற்றம் பிடிக்கிறது? றாஹிலாவும் அடுத்த வீட்டில் போய்த் தொழுதாள். துஆவில் வேறெதுவும் கேட்கவில்லை, தண்ணிதான் கேட்டாள்.

திரும்பி வந்தால் பாதிக் கதிரைகளில் ஆள் இல்லை. ஓம் சொன்ன மேல்பக்க வயல்கார மனிசன்மார் தொழுத கையோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவளுக்கு எதிராக ஒருத்தரும் கை தூக்கவில்லை பாருங்க, அவ்வளவு நல்ல மனிசன்மார். செயலாளர் தலைகளை எண்ணினார். கூட்டம் செல்லுபடியாக ஒராள் குறைவு. மிஞ்சியிருந்ததில் முக்கால்வாசிப் பேர் தண்ணி கிடைக்காதவர்கள். வாக்கெடுத்தால் றாஹிலாதான் வெல்லுவாள், ஆனால் வாக்கெடுக்க ஏலாது.

"கொஞ்சம் பொறுங்க ஹாஜியார்," என்றாள் அவள். "முபீன்ட சைக்கிள் நிக்குது. அவன் வருவான்."

மெய்தான். யன்னலுக்கு வெளியே சுவரில் சாத்தியபடி முபீனின் சைக்கிள் நின்றது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அழகரெத்தினம் எழும்பிப் பள்ளிவாசல் மட்டும் போய்ப் பார்த்துவிட்டுத் தனியே திரும்பி வந்து இருந்தார். வெயில் சுவரை விட்டு இறங்கிவிட்டது. கடைசியில் மஜீட் ஹாஜியார், கூட்டம் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்றார். சொல்லும்போது அவர் றாஹிலாவைப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் அறுவடை. எதை அறுக்கிறது?

சைக்கிளை எடுக்க வந்தால் ராத்தா கண்டுவிடுவாள் என்று முபீன் பின் ஒழுங்கையால் நடந்தே போயிருந்தான். றாஹிலா அதை உருட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். முன்வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தவன் அவளைக் கண்டதும் எழும்பினான். அவள் சைக்கிளை மதிலில் சாத்தினாள். சின்னதில் அவள் இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளை.

"ராத்தா, உங்களுக்கு எதிராக் கை தூக்க எனக்கு மனம் வரல்ல," என்றான் முபீன். "அதான் வந்திட்டன்."

"இருந்து எதிராத் தூக்கியிருக்கலாமே தம்பி," என்றாள் றாஹிலா. "ஆள் கணக்குச் சரியாகியிருக்கும். நான் வெண்டிருப்பன்."

முபீன் அதை யோசித்திருக்கவே இல்லை. றாஹிலா முக்காட்டுத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினாள். வயல் தெரியிற பாதையை விட்டுவிட்டு, சுற்றுவழியால் வீட்டுக்குப் போனாள்.