யாருடையதும் இல்லாத மூட்டை

சிலியின் சாந்தியாகோவிலிருந்து எக்குவதோரில் தம்பி இருக்கும் குவாயாகில் வரை பேருந்திலேயே போகிறேன் என்று சொன்னபோது, நான் சமைக்கும் முதியோர் இல்லத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நாடு விட்டு நாடு, ராத்திரி ராத்திரியாக, முதுகு ஒடிய. விமானத்தில் போனால் என்ன என்று கேட்டார்கள். விமானம் என்ன என் மாமனார் விட்டுப்போன சொத்தா? இருக்கிறவன் பறப்பான், இல்லாதவன் உருள்வான். நான் உருண்டே பழகியவள்.

ஆனால் இந்தத் தடவை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் ஏறினேன். என் தம்பி ஹசிந்தோவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. என்னுடையது பொருந்துகிறது என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை அறுவை. அதற்கென்றே வெளியூரிலிருந்து ஒரு டாக்டர் வருகிறார். அன்றைக்கு நான் அங்கே படுக்கவில்லை என்றால் அவர் திரும்பிப் போய்விடுவார், மறுபடி எப்போது வருவாரோ தெரியாது. அதுவரை ஹசிந்தோ தாங்கமாட்டான். இது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்; தொலைபேசியில் இருவருமே பேசாமல் விட்ட விஷயம் அது ஒன்றுதான்.

என் எக்குவதோர் அடையாள அட்டையை, பழுப்புக் கம்பளிக் கோட்டின் உள்பையில் வைத்துப் பொத்தான் போட்டிருந்தேன். இந்த நாடுகளுக்குள் போய்வர பாஸ்போர்ட் வேண்டாம், அந்த அட்டை போதும். அட்டை இல்லையென்றால் பெருவின் வடக்கே எக்குவதோர் எல்லையில் என்னை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான்.

பெருவின் தெற்கு எல்லை ஊரான தக்னாவில் லிமா போகும் பேருந்துக்கு மாறினேன். ஊர் எல்லையைத் தாண்டியதும் ஒரு பெண் எழுந்தாள். அகலப் பாவாடை, தொப்பி, களைப்புக்கு மெல்ல, கன்னத்தில் ஒதுக்கிய கோக்கா இலை. பெயர் பசீலியா. தக்னாவில் வரி கட்டாமல் மலிவாக வாங்கிய குளிர் ஜாக்கெட்டுகளை ஒவ்வொரு இருக்கையாக நீட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, சாவடி தாண்டுற வரைக்கும் இதைக் கொஞ்சம் போட்டுக்கோங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

இது அந்தச் சாலையில் வழக்கம். வழியில் சுங்கச் சாவடி இருக்கிறது. ஆள் போட்டிருப்பது ஆளுடையது. மூட்டையில் இருப்பது கடத்தல். பேருந்து முழுக்க அவளுடைய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டது. நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டேன்.

"எனக்கு வேண்டாம்மா. எனக்கு ஆயிரம் தொல்லை இருக்கு."

பக்கத்து இருக்கைக்காரர் அன்செல்மோ, ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். ஏறினதிலிருந்து என்னைச் சீண்டிக்கொண்டே வந்தவர். "போட்டுக்கோங்க மகாராணி. மூட்டையில சரக்கு நிறைய இருக்குன்னு தெரிஞ்சா மொத்த வண்டியையும் இறக்கிக் கொட்டிப் பாப்பாங்க. அப்புறம் விடியற வரைக்கும் இங்கதான் குடித்தனம்."

தாமதமாகிவிடும் என்ற பயம்தான் என்னை மடக்கியது. அந்த ஜாக்கெட் இறுக்கம், என் கோட்டுக்கு மேல் ஏறவில்லை.

"ரெண்டு கோட்டு வச்சிருந்தா கேள்வி வரும்க்கா. குடுங்க, நான் பத்திரமா வச்சிக்கிறேன்" என்று பசீலியா என் பழுப்புக் கோட்டை வாங்கித் தன் மூட்டைக்குள் திணித்தாள். நானும் கழற்றிக் கொடுத்தேன். என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ தெரியாது.

சூரியன் மணலில் இறங்கும் நேரத்துக்குச் சாவடி வந்தது. இளம் அதிகாரி ஒருவன் ஏறினான். என் ஜாக்கெட் கையில் தொங்கிய விலைச்சீட்டைப் பிடித்துப் பார்த்தான்.

"இது உங்களுதாம்மா?"

"வேற யாருது? சீட்டைக் கிழிக்காம போடுறது எங்க ஊர்ப் பழக்கம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. மேல்தட்டிலிருந்து பசீலியாவின் மூட்டையை இழுத்து, இருக்கைகளுக்கு நடுவே நடைபாதையில் போட்டான். "இது யாருது?"

 பசீலியா ஜன்னலுக்கு வெளியே மணலைப் பார்த்தாள், மூட்டையை இன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறவள் மாதிரி. அதுவும் வழக்கம்தான். ஆளில்லாத மூட்டையை எடுத்துக்கொண்டு போவார்கள், பேருந்து கிளம்பும், நஷ்டம் அதோடு முடியும். அவன் இரண்டாவது தடவை கேட்டுவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

வண்டி உறுமியது. பழக்கதோஷத்தில் என் கை நெஞ்சுப் பக்கம் போனது. உள்பை இல்லை. பொத்தான் இல்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேனே என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

பசீலியாவிடம் ஓடினேன். "என் அட்டை அந்தக் கோட்டுக்குள்ள இருக்கு. போய் மூட்டை உன்னுதுன்னு சொல்லு."

"மெதுவாப் பேசுங்கக்கா. சொன்னா என்னைப் பிடிச்சு உள்ள வச்சிருவாங்க. ஏற்கெனவே மாட்டினவ நான்."

"திங்கட்கிழமை என் தம்பிக்கு என் கிட்னியை எடுத்து வைக்கப்போறாங்க. அட்டை இல்லாம என்னை எல்லை தாண்ட விடமாட்டாங்க. அவன் செத்துருவான், புரியுதா உனக்கு?"

அவள் வாய் மென்றுகொண்டிருந்தது நின்றது.  இவளை நம்பி நின்றால் விடிந்துவிடும் என்று நானே இறங்கிவிட்டேன். டிரைவர் கத்தினார்: "வண்டி நிக்காது, சொல்லிட்டேன்." அன்செல்மோ படியில் இறங்கி நின்று கதவைத் தோளால் முட்டுக்கொடுத்தார். "என்னைத் தள்ளிட்டுக் கதவைச் சாத்துங்க பாப்போம்" என்றார். இத்தனை நேரம் நான் மனசுக்குள் திட்டிய கிழவர்.

சாவடி அறையில் மூட்டை வாய்கட்டி, முத்திரை போடத் தயாராக இருந்தது. முத்திரை விழுந்தால் தக்னா கிடங்குக்குப் போய்விடும். அப்புறம் கேட்டு வாங்க மாதக்கணக்காகும்.

"சார், இதுக்குள்ள ஒரு பழுப்புக் கோட்டு இருக்கு. அது என்னுது."

அதிகாரி பேனாவை மூடினான். "அப்ப மூட்டையும் உங்களுதுதானே?"

"இல்ல."

"உங்களுது இல்லாத மூட்டைக்குள்ள உங்க கோட்டு எப்படிம்மா போச்சு? நடந்தா போச்சு?"

என்ன சொல்வேன்? நானே கொடுத்தேன் என்றால் நானும் கடத்தலுக்குக் கூட்டு. உட்காரவைத்து எழுத ஆரம்பித்துவிடுவான். வெளியே ஹாரன் அடித்தது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். ஹசிந்தோவின் வீங்கிய முகம்தான் கண்ணில் நின்றது. மறுபடியும் ஹாரன்.

"மூட்டை என்னுது, சார்."

வாசலில் பசீலியா நின்றாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"சரக்கு மொத்தமும் என்னுது. இந்த அம்மாவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அவங்க தூங்கிட்டிருந்தாங்க, கோட்டை நான் திருடி உள்ள வச்சிட்டேன்."

 அதிகாரி என் பக்கம் திரும்பினான். அவன் முட்டாள் இல்லை. என் கையில் தொங்கிய விலைச்சீட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"இவங்க உங்க கோட்டைத் திருடினாங்களா? நீங்க உங்க வாயால சொல்லணும்."

பசீலியா என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். பிள்ளைக்குக் கசப்பு மருந்து கொடுக்கும்போது தாய் அசைப்பாளே, அப்படி.

"ஆமா" என்றேன்.

எழுதி, கையெழுத்து வாங்கி, கோட்டைக் கொடுத்தான். உள்பையில் அட்டை இருந்தது. நன்றி என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது, திருடியென்று சொன்ன வாயால் அதை எப்படிச் சொல்வது? மணலில் ஓடினேன். அன்செல்மோ கையை நீட்டித் தூக்கிவிட்டார். அழுதேன். அவர் சீண்டவில்லை.

அடுத்த ஊரான மொகேகுவாவின் பேருந்து நிலையத்தில், சரக்கை வாங்கிக்கொள்ள பசீலியாவின் தங்கை காத்திருந்தாள். அதற்குள் இலவச ஜாக்கெட் லாபம் என்று சிலர் கழுத்துவரை பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் நடைபாதையில் நின்று, "கழட்டுங்க. ஒண்ணு குறைஞ்சாலும் நான் இறங்கவும் மாட்டேன், உங்களை இறங்கவிடவும் மாட்டேன்" என்றேன். அன்செல்மோ முதலில் கழற்றினார். பிறகு எல்லோரும் கழற்றினார்கள். என்னுடையதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, நடந்ததைத் தங்கையிடம் சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். "எங்க அக்கா அடுத்தவங்க ஊசியைக்கூட எடுத்ததில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஜாக்கெட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். போகுமுன் அவளுடைய தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை நான் அங்கே படுத்தேன். என் சிறுநீரகம் ஹசிந்தோவுக்குள் போய் என் குணத்தைக் காட்டாமல் ஒழுங்காக வேலை செய்தது. அவன் முதல்முதலாகச் சிறுநீர் கழித்தபோது வார்டே கைதட்டியது.

காயம் ஆறியதும் பசீலியாவின் தங்கையைக் கூப்பிட்டேன். "சரக்குக்கு அபராதம் கட்டிட்டோம்க்கா. ஆனா திருட்டுன்னு நீங்க கையெழுத்துப் போட்டது இருக்கே, அதான் எங்க அக்காவை விடமாட்டேங்கிறாங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் அதே சாவடியில் பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். அதே இளம் அதிகாரிதான்.

"என்னை ஞாபகம் இருக்கா, சார்? பழுப்புக் கோட்டு. அன்னைக்கு நான் சொன்னது பொய். அந்தப் பொண்ணு திருடலை. நானே கழட்டிக் குடுத்தேன்."

அவன் எடுத்த பேனாவைக் கீழே வைத்தான். "அப்படி எழுதினா நீங்க கடத்தலுக்கு உடந்தைன்னு ஆகும்மா. உங்களை இங்க நிறுத்த வேண்டியிருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க, வண்டி நிக்குது."

வெளியே ஹாரன் அடித்தது.

"வண்டியைப் போகச் சொல்லுங்க" என்றேன். "எனக்கு இப்ப அவசரம் ஒண்ணும் இல்ல." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.