ரொட்டி வாங்கப் போனவன்

அவிஞ்ஞோன் ஊரைப் பத்தி என்கிட்டக் கேளுங்க, சொல்றேன். கோட்டைச் சுவர் காலையில என்ன நிறம், சாயங்காலம் என்ன நிறம், போப்பாண்டவர் அரண்மனைக் கோபுரத்துல புறாக்கள் எந்தப் பக்கம் உக்காரும், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஏன்னா ஒரு வாரம் முழுக்க ஆத்துக்கு இந்தப் பக்கம் மடக்கு நாற்காலியில உக்காந்து அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். எங்க கூடாரத்துக்கும் ஊருக்கும் நடுவுல ரோன் நதி மட்டும்தான். அக்கரைக்குக் கூட்டிட்டுப் போக ஓசிப் படகு வேற. இருந்தும் போக முடிஞ்சுதா? எங்க போறது.

நாங்க வடக்கத்திக்காரங்க, பெத்யூன் பக்கம். என் பேரு மரிவோன், பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்துல அரைநேர வேலை. புருஷன் ரெஜிஸ் வீடு வீடாப் போயி பாய்லரும் ஹீட்டரும் ரிப்பேர் பண்றவன். ஒரே பொண்ணு கொராலி, பதினெட்டு முடிஞ்சிருச்சு. பழைய சுவர்ச் சித்திரங்களைச் சீர் பண்ற படிப்புக்கு அவளுக்கு அவிஞ்ஞோன்ல இடம் கிடைச்சிருக்கு. "சுவரைச் சுரண்டுறதுக்கு இம்புட்டுத் தூரம் போகணுமா? நம்ம வீட்டுக் கூடத்துச் சுவரே உரிஞ்சு தொங்குது"ன்னு ரெஜிஸ் கிண்டல் பண்ணுவான். அவ சிரிக்க மாட்டா.

தங்குறதுக்கு ரூமும் பாத்தாச்சு. சாயக்காரர் தெருவுல மதாம் அர்னால்னு ஒரு அம்மா வீட்டு மாடி. அந்தம்மா படு கறார். அப்பா நேர்ல வரணும், பொண்ணுக்கு நான் பொறுப்புன்னு கையெழுத்துப் போடணும், சனிக்கிழமை வரைக்கும்தான் காத்திருப்பேன், அப்புறம் வேற பொண்ணுக்குக் குடுத்துருவேன்னு போன்லயே சொல்லிட்டாங்க. என் அரைநேரச் சம்பளத்தை நம்பி எவனும் ரூம் குடுக்க மாட்டான். ஆக, பொண்ணோட படிப்பு மொத்தமும் ரெஜிஸ் கையில. அவன் மாட்டேன்னும் சொல்லலை, சரின்னும் சொல்லலை. "பாப்போம்"னான். எப்பக் கேட்டாலும் "பாப்போம்."

அதனாலதான் இந்த வருஷம் கடல் வேணாம்னு அடம்பிடிச்சு, அவிஞ்ஞோனுக்கு நேரெதிரே இருக்குற தீவுல கூடாரம் போட இடம் பிடிச்சேன். ஊரை நேர்ல பாத்தா மனசு இளகாதாங்கிற நப்பாசை. அவனுக்கும் அது தெரியும். இருந்தும் வண்டி ஓட்டிட்டு வந்தான்.

கூடாரத்துக்கு ஆணி அடிச்சு முடிக்கலை, பக்கத்து கேரவன்லருந்து ழில்பேர் தலையை நீட்டிட்டான். சேன்தெத்தியென் ஊர்க்காரன், வயித்துக்கு மேல பட்டன் போடாத சட்டை. சாயங்காலம் அப்பெரோவுக்கு வந்துருங்கன்னான். அப்பெரோன்னு கூப்பிட்டா மாட்டேன்னு சொல்ற பழக்கம் எங்க சனத்துக்குக் கிடையாது. சாப்பாட்டுக்கு முன்னாடி ஆளுக்கொரு கிளாஸ் பஸ்திஸ்ங்கிற சோம்புச் சாராயம், ஒரு கிண்ணம் ஆலிவ், அவ்வளவுதான்னு பேரு. ஆனா இன்னைக்கு அவன் கூப்பிட்டா நாளைக்கு நாம கூப்பிடணும். நாம கூப்பிடுறதை எதிர்க் கூடாரத்து பெல்ஜியம்காரங்க பாத்துட்டா அவங்களையும் கூப்பிடணும். அப்புறம் அவங்க நம்மளைக் கூப்பிடாம விடுவாங்களா? தொடங்கிட்டா லீவு முடிஞ்சாலும் இது முடியாது. ரெஜிஸுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. வீட்டுல வாயில கொழுக்கட்டையை வெச்சுக்கிட்டிருக்குற மனுஷன், அங்க ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போற வரைக்கும் ஹீட்டர் கதையா அளந்து விடுறான்.

சரி, சாயங்காலம் போனா போகட்டும், காலையில ஊருக்குப் போகலாம்னு பாத்தா, காலையில ஆளே இருக்க மாட்டான். முகாம் கடையில விக்கிற ரொட்டி ரப்பராட்டம் இருக்காம். ஐயாவுக்கு ஆகாதாம். சைக்கிளை எடுத்துக்கிட்டுப் பெரிய பாலத்தைத் தாண்டி, கோட்டை வாசல் ஓரமா இருக்குற கடைக்குப் போயிதான் வாங்குவாராம். போனா போனதுதான். நான் காபியைச் சுட வெச்சு, அது ஆறி, மறுபடியும் சுட வெச்சு, அதுவும் ஆறினப்புறம் அக்குள்ல ரொட்டியை இடுக்கிக்கிட்டு வந்து சேருவான். எங்க போயித் தொலைஞ்சேன்னு கேட்டா, ஒரு நாள் கடையில கூட்டம். இன்னொரு நாள் சைக்கிள் செயின் கழண்டுபோச்சு, கையெல்லாம் கரி. அவன் வந்து, சாப்பிட்டு, பல்லுக் குத்தி முடிக்கிறதுக்குள்ள வெயில் மண்டையைப் பிளக்கும். இந்த வெயில்ல எவனாவது ஊர் சுத்துவானா, சாயங்காலம் பாப்போம்னு காலை நீட்டிப் படுத்துருவான். சாயங்காலம் என்ன? அதான் சொன்னேனே.

நடுவுல ஒரு நாள் மிஸ்த்ரால் காத்து பேயா அடிச்சுது. படகை நிறுத்திட்டாங்க. நாங்க மூணு பேரும் ஆளுக்கொரு கயிறைப் பிடிச்சுக்கிட்டுக் கூடாரம் பறந்துறாம காவல் இருந்தோம். கொராலி அக்கரையையே பாத்துக்கிட்டிருந்தா.

வியாழக்கிழமை என் பொறுமை போயிருச்சு. அவன் ரொட்டியோட வந்ததும், செருப்பைக் கழட்டாத, கிளம்புன்னேன். சட்டையை நானே எடுத்துக் குடுத்துப் படகுல ஏத்தினேன். இடிஞ்சு ஆத்துல பாதியிலயே நின்னுபோன ஒரு பழைய பாலத்துப் பக்கமா படகு போச்சு. ஒன் பதில் மாதிரியே இருக்கு பாரு, இந்தக் கரையிலயும் இல்லை அந்தக் கரையிலயும் இல்லைன்னேன். அவன் தண்ணியைப் பாத்தான். கொராலி எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து நகத்தைக் கடிச்சுக்கிட்டிருந்தா.

கரை ஏறி, வாசல் தாண்டி, மணிக்கூண்டுச் சதுக்கத்துக்கு வர்றோம், மணி பன்னெண்டு அடிக்குது. கண்ணு முன்னாடி கடைக் கதவெல்லாம் சரசரன்னு இறங்குது. ரெஜிஸ் நின்னுட்டான்.

"மதாம் அர்னால் இப்ப சாப்பிட உக்காந்திருப்பாங்க. சாப்பிடுற நேரத்துல போயி ஒருத்தர் வீட்டு மணியை அடிப்பியா நீ?"

அடிக்க மாட்டேன். வீடு தீப்பிடிச்சா ஒழிய மத்தியானம் பன்னெண்டுலருந்து ரெண்டு வரைக்கும் ஒருத்தர் வீட்டு மணியை நான் அடிக்க மாட்டேன், என்னை வளத்த வளப்பு அப்படி. நேரத்தைப் பாக்காம இழுத்துட்டு வந்த என் புத்தியைத்தான் செருப்பால அடிக்கணும். ரெண்டு மணி வரைக்கும் இங்கயே ஏதாவது சாப்பிட்டுட்டு இருப்போம்னேன். ரெண்டு மணிக்கு ழில்பேரோட பெத்தாங்க் ஆட்டம் இருக்காம், வாக்குக் குடுத்துட்டானாம். இரும்புக் குண்டு உருட்டுறதுக்குக் குடுத்த வாக்கு பெருசு, பெத்த பொண்ணு சிறுசு. அடுத்த படகுலயே திரும்பிட்டோம். வர்ற வழியெல்லாம் நான் திட்டினேன், அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலை. அதுல எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் நான் வெங்காயம் நறுக்கிக்கிட்டிருந்தேன். கொராலி வந்து பக்கத்துல குந்தினா. "விடும்மா. அப்பாவுக்கு இஷ்டமில்லை. நான் நம்ம பக்கத்து லீல் ஊர்லயே ஏதாவது படிச்சுக்கறேன்"னா. அழுதிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அவ கடைக்கு உப்பு வாங்கப் போறேன்னு சொல்ற மாதிரி சொன்னா. எதிர்ல பெல்ஜியம்காரங்க கூடாரத்துல ரெஜிஸ் கிளாஸைத் தூக்கிக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டிருந்தான். அந்த நிமிஷம் அவனை எனக்குச் சுத்தமாப் பிடிக்கலை.

மறுநாள் வெள்ளி. ரொட்டி அன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரமே வந்துச்சு. அவன் காபியில கை வைக்கிறதுக்குள்ள நான் கொராலியை எழுப்பி முடி சீவிவிட்டேன். நாங்க ரெண்டு பேரும் போறோம், அந்தம்மா கால்ல விழுந்தாவது ஒரு வாரம் தவணை கேக்குறோம், நீ குண்டு உருட்டுன்னு சொல்லிட்டு முதல் படகைப் பிடிச்சேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் நிக்கலை.

சாயக்காரர் தெரு கோட்டை வாசல் ஓரத்துல இல்லை, ஊருக்குள்ள ரொம்பத் தூரம் போகணும். ஒரு பக்கம் வாய்க்கால், அதுல பாசி பிடிச்ச பெரிய மரத் தண்ணிச் சக்கரங்கள், மேல மரநிழல். கொராலி நடையைக் குறைச்சுட்டா. ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் தொட்டுத் தொட்டுப் பாத்தா. மதாம் அர்னால் வீட்டு மணியை அடிச்சோம், பதில் இல்லை. கீழேயே ஒரு ரொட்டிக்கடை இருந்துச்சு. அங்க கேப்போம்னு நுழைஞ்சோம்.

கடைக்கார அம்மா என்னைப் பாக்கவே இல்லை. கொராலியைத்தான் பாத்தாங்க.

"நீதானேம்மா அந்த வடக்கத்திக்காரர் பொண்ணு? நகத்தைக் கடிப்பான்னு சொன்னாரு, சரியா இருக்கு."

எந்த வடக்கத்திக்காரர்னு கேட்டேன்.

"பாய்லர்காரருதான் மதாம். தினமும் காலையில கடை திறக்குறப்பவே சைக்கிளோட நிப்பாரு. ஒரே ஒரு ரொட்டி வாங்குவாரு, ஆயிரம் கேள்வி கேப்பாரு. தெருவுல ராத்திரி விளக்கு எரியுமா, மேல யாரு இருக்காங்க, பொண்ணு ரயிலடியிலருந்து நடந்து வரலாமா. அவ வேலை செய்ய உக்காந்தா சாப்பாட்டை மறந்துருவா, சாயங்காலம் பாதி ரொட்டி எடுத்து வெச்சுக் கூப்பிட்டுக் குடுக்க முடியுமான்னு கேட்டாரு. புதன்கிழமை மேல ஏறிப்போயி மதாம் அர்னாலோட பாய்லரையே கழட்டி மாட்டிட்டாரு. இப்படி வெந்நீர் வந்து வருஷக்கணக்காச்சுன்னு அந்தம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காங்க."

நான் ரொட்டிக் கூடையைப் பிடிச்சுக்கிட்டேன். அப்ப ரூமுக்குச் சரின்னு சொல்லிட்டாரான்னு கேட்டேன்.

"அதை மட்டும் சொல்லலை. நாளைக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்னு போயிடறாரு. மதாம் அர்னால் இன்னைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருக்காங்க, சாயங்காலம் வருவாங்க. வேற ஒரு பொண்ணு நாளைக்குக் காலையில ரூம் பாக்க வருதாம்."

கொராலி கடையை விட்டு வெளியே போயி வாய்க்கால் கட்டையில உக்காந்துட்டா. தோள் குலுங்குச்சு. அழறாளா சிரிக்கிறாளான்னு கிட்டப் போயிப் பாத்தேன், ரெண்டும்தான். எனக்கு மட்டும் அழுகையும் வரலை, சிரிப்பும் வரலை. கோபம்தான் வந்துச்சு. அத்தனை நாளா என்னை அடுப்புல வெச்ச பால் மாதிரிப் பொங்க விட்டுட்டு, தான் மட்டும் தெருத் தெருவாச் சுத்திப் பாத்திருக்கான். கூட்டமாம். செயினாம்.

கொராலி அந்தத் தெருவை விட்டு வர மனசில்லாமச் சுத்தினதுல, திரும்பி வந்தப்ப சாயங்காலம் ஆயிருச்சு. அவன் வாளியில ஐஸ் கட்டியைக் கொட்டிக்கிட்டிருந்தான். அன்னைக்கு அப்பெரோ எங்க முறை. ழில்பேர் ஆலிவ் டப்பாவைத் திறந்துக்கிட்டு நின்னான். ஆள் இருக்காங்கன்னு நான் பாக்கலை. எல்லாத்தையும் கொட்டிட்டேன். பாய்லரு, விளக்கு, பாதி ரொட்டி, ஒண்ணு பாக்கியில்லை. எங்ககூட ஒரு நாள் வந்து பாக்குறதுக்கு ஒனக்கு என்ன கேடுன்னு கேட்டேன்.

ரெஜிஸ் ஐஸ் வாளியைக் கீழ வெச்சான். கையைக் கால்சட்டையில துடைச்சான்.

"ஒங்ககூட வந்து பாத்தா முடிவாயிரும் மரிவோன். தனியாப் போனா, ரொட்டி வாங்கப் போனது, அவ்வளவுதான்."

அவன் கொராலியைப் பாக்காம தரையைப் பாத்துக்கிட்டே சொன்னான்.

"ஏதாவது ஒரு குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். தெரு நல்லாருக்கு. அந்தம்மா நல்லாருக்காங்க. பாய்லர் ஒண்ணுதான் உருப்படியாக் கெட்டுக்கிடந்துச்சு. அதைக் காரணமாச் சொல்லி வேணாம்னுருக்கலாம். கை சும்மா இருக்க மாட்டேங்குது, அதையும் சரிபண்ணித் தொலைச்சுட்டேன்."

கொராலி அவன்கிட்டப் போயி நின்னா. கட்டிப்பிடிக்கலை, எங்க வீட்டுல அதெல்லாம் சுலபத்துல வராது. அவன் சட்டைக் காலர் மடங்கியிருந்ததை நிமித்திவிட்டா.

நான் செருப்பை எடுத்து அவன் காலடியில போட்டேன். மாட்டுன்னேன். ழில்பேரைக் கூப்பிட்டாச்சேன்னு இழுத்தான். ழில்பேர் ஐஸ் வாளியைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு, நான் பாத்துக்கறேன், பெல்ஜியம்காரங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ கிளம்புய்யான்னான். அந்த வாரத்துலயே அவன் செஞ்ச ஒரே நல்ல காரியம் அது.

அக்கரையில இறங்கினதும் ரெஜிஸ் முன்னாடி நடந்தான். சந்துல நுழைஞ்சு, ஒரு கோயில் பின்பக்கமாப் போயி, எனக்குக் காலையில முக்கால் மணி பிடிச்ச தூரத்தை அவன் கால் மணியில முடிச்சுட்டான். இங்க படி வழுக்கும், இந்த நாய் குலைக்கும் கடிக்காதுன்னு கொராலிக்கு ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டே போறான். பின்னாடி நான் மூச்சு வாங்கிக்கிட்டு ஓடினேன். கோபம் அப்பவும் எனக்கு அடங்கலை. மறுநாள் சனிக்கிழமை விடிஞ்சதும் கூடாரத்தைச் சுருட்டி ஊருக்குக் கிளம்பிட்டோம். போப்பாண்டவர் அரண்மனைக்குள்ள நான் காலெடுத்து வைக்கவே இல்லை, அது வேற விஷயம்.

நாங்க போய்ச் சேந்தப்ப ரொட்டிக்கடை மூடுற நேரம். பக்கத்துக் கதவுல மணியை ரெஜிஸ்தான் அடிச்சான். உள்ள செருப்புச் சத்தம் வந்துச்சு. அவன் கொராலி தோள்ல கை வெச்சான், உடனே எடுத்துட்டான், திரும்பவும் வெச்சான். கதவு திறந்துச்சு. மதாம் அர்னால் அவனைப் பாத்ததும், என்ன முசியே இந்நேரத்துல, ரொட்டியெல்லாம் தீந்திருக்குமேன்னாங்க.

"ரொட்டிக்கு வரலை மதாம். பொண்ணோட ரூமுக்குக் கையெழுத்துப் போட வந்திருக்கேன்"னான்.

சொல்லிட்டு வாசல்லயே நின்னான். உள்ள வாங்கன்னு அந்தம்மா ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்துச்சு.