வலையில் வந்தவள்

ஆரணிக்கு வெளியே உள்ள ஏரியில் வலை வீசி மீன் பிடித்துப் பிழைத்தவர் அய்யாக்கண்ணு. அவர் மனைவி சின்னம்மா கெண்டையும் விராலும் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்பாள். 'மீன்புடிக்கிறவர் வீட்டம்மா' என்றால்தான் அவளைத் தெரியும்.

1978 மழைக்காலத்தில், பட்டு நெசவு செய்யும் பரசுராமனோடு சண்டை போட்டுவிட்டு அவர் மனைவி ஜெயம் காணாமல் போனாள். அவள் செருப்பு ஏரிக்கரையில் கிடந்தது. போலீஸ்காரர் ஒருவர் அய்யாக்கண்ணுவைத் தேடி வந்தார்.

"வலைய எடுத்துகினு ஜல்தி வாய்யா."

"மீனுக்குப் போடற வலைங்க, சார்" என்று அய்யாக்கண்ணு தயங்கினார்.

ஆனால் கரையில் பரசுராமன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, எப்படியாவது பாருங்கண்ணே. அம்மா எங்கன்னு கொழந்த கேட்டுகினே கீது."

அதற்குமேல் மறுக்க முடியவில்லை. மதகுப் பக்கம் வீசியபோது வலை கனத்தது. இழுக்கும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. ஜெயத்தின் கூந்தல் வலைக்கண்களில் சிக்கியிருந்தது. அறுக்க மனம் வராமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்தார்.

அதன்பிறகு சின்னம்மாவின் கூடையை யாரும் இறக்கச் சொல்லவில்லை. "அந்த ஏரி மீனா? வேணாம்மா."

வேறு ஏரியில் பிடித்து வந்தாலும், "வலை அதேதானே?" என்றார்கள். பரசுராமனும் அய்யாக்கண்ணுவைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுவார். தெருவில் அய்யாக்கண்ணுவுக்குப் 'பொணம்புடிக்கிறவர்' என்றே பெயராகிவிட்டது.

மகள் தேவகியைப் பெண் பார்க்கப் போளூரிலிருந்து வந்தார்கள்.

"நீங்க என்ன பண்றீங்க?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

"மீன் புடிக்கிறேங்க."

"ஏரியில பொணம் எடுத்தது நீங்கதானா?"

அப்புறம் அவர்கள் காபி டம்ளரைத் தொடவில்லை. தேவகி அடுப்படியில் சத்தமில்லாமல் அழுதாள்.

அய்யாக்கண்ணு வலையைக் கொளுத்திவிட்டு, களம்பூர் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கப் போனார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் நிம்மதியாக ஓடியது. பிறகு ஒருநாள் மில் வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. ஆற்றுவெள்ளத்தில் ஒருவன் போய்விட்டானாம்.

"எங்கிட்ட இப்ப வலை இல்லீங்க, சார்."

"வலை நாங்க குடுக்கறோம். புடிக்கிறது உனுக்குத் தெரியுமில்ல? ஏறு."

அதுவரை அவரோடு ஒரே பானையில் தண்ணீர் குடித்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். அய்யாக்கண்ணு ஜீப்பில் ஏறினார்.