கோதை கோணலாகத்தான் வெட்டினாள்

1

பேண்ட் காலைக் குறைக்கப் போன இடத்தில் கிடைத்த கதை இது. மறைத்து என்ன ஆகப்போகிறது? மாமல்லபுரத்தில் மார்கரெட்டின் தையல் கடை. கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டு, மிஷினை மிதித்துக்கொண்டே அவள் ஆரம்பித்தாள்: "எங்க மாடில மாசாமாசம் கில்ட் கும்பல் ஒண்ணு கூடும் அண்ணாத்த. போன வாரம் இன்னா ஆச்சு தெரிமா?"

கில்ட் என்றால் துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை. இந்தக் கும்பல் செய்வது நவீன கில்ட். பூவும் மாங்காயும் கிடையாது. பாதிக்குமேல் வெறும் வெள்ளை. அதில் நாலைந்து மஞ்சள் பட்டைகள், அவையும் ஸ்கேல் வைக்காமல் கண்மதிப்பில் வெட்டியவை. பார்க்கிறவர்கள் "எப்ப முடிப்பீங்க?" என்று கேட்பார்களாம். முடித்தாயிற்று என்று சொல்லிச் சொல்லியே இவர்களுக்கு வாய் வலித்துவிட்டது.

2

முதல் வரியை இப்படி எழுதினேன்:

"கீழ்வானம் வெள்ளியாய் உருக, கோதை தன் வாழ்வின் கிழிசல்களை..."

வேண்டாம். அந்த மாடியிலிருந்து பார்த்தால் தெரிவது பக்கத்து லாட்ஜின் தண்ணீர்த் தொட்டிதான். [வாழ்க்கை ஓர் ஒட்டுப் போர்வை என்று இந்தக் கதையில் யாரும் சொல்லமாட்டார்கள். சத்தியம்.]

இன்னொன்று: "கோதை அதுவரை ஒரு கோட்டையும் தப்பாகப் போட்டதில்லை." இது தேவலை. அந்தக் கும்பலில் ஒருத்தி; கல்பாக்கம் டவுன்ஷிப்பில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் சிவராமுக்கு, கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று பார்ப்பதே வேலையாக இருந்தது. அவரும் இப்போது ஓய்வில். வேலை மட்டும் விட்டபாடில்லை. காலண்டர் சாய்ந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. கோதை நறுக்கிய கத்தரிக்காயை மறுபடி நறுக்குவார். எல்லாம் பிரியத்தோடுதான். அதுதான் பேஜாரே.

அப்படிப்பட்ட வீட்டில் கோதை ஒரு நாள் துணியை எடுத்து, வேண்டுமென்றே கோணலாக வெட்டினாள். வளைந்ததை வளைந்தபடியே தைத்தாள். யாரும் திருத்தாத ஒரு பொருள் முதல்முறையாக அவள் கையிலிருந்து வந்தது. விரித்துப் போட்டுப் பார்த்து, தனியாகச் சிரித்தாள். (சிரித்தாள் என்பது என் சேர்க்கை. மார்கரெட்டுக்கு அது தெரிய வழியில்லை.) மேல்துணி மட்டும்தான் தயார், பஞ்சும் அடித்துணியும் இனிமேல்தான். அதை மடித்துப் பையில் வைத்து, "கூட்டத்துக்கு நான் நேரா வந்துடறேன், பைய மட்டும் எடுத்துட்டு வாங்க" என்று சிவராமிடம் சொல்லிவிட்டு, மறைமலைநகரில் மகள் வீட்டுக்கு ஒரு வாரம் போனாள்.

ஆளை நம்பலாம். ஆளிடம் கோணலை நம்பிக் கொடுக்கலாமா?

3

கூட்டத்தில் ஒரு வழக்கம். இரண்டு பேர் முனைகளைப் பிடித்துத் துணியை விரிக்க, தைத்தவள் அதற்குப் பின்னால் நின்று பேசவேண்டும். சொந்தப் பெருமை பேசும்போது முகம் தெரியவேண்டாம் என்று அனு போட்ட விதி. அனு சிறுசேரியில் ஐ.டி. வேலையில் இருப்பவள், குழுவை ஆரம்பித்ததும் அவள்தான்.

சிவராம் வழக்கமாகக் காரிலேயே இருப்பார். அன்று படியேறி வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். மார்கரெட் ஒரு முனை, அனு ஒரு முனை. பின்னாலிருந்து கோதை, "இது ஸ்கேலத் தொடாமலே வெட்டினது" என்று தொடங்கினாள்.

பட்டைகள் அத்தனையும் தண்டவாளம்போல நேராக இருந்தன.

"இன்னாக்கா சொல்ற," என்றாள் மார்கரெட். "ஸ்கேலே இதப் பாத்துதான் கோடு போடக் கத்துக்கணும் போல கீது."

கோதை கண்ணெதிரே இருந்த பின்பக்கத்தைப் பார்த்தாள். தையல் ஓரங்கள் எல்லாம் ஒரே அகலம். இஸ்திரி போட்டு ஒரே பக்கமாகப் படிந்திருந்தன. அவள் கைவேலை அல்ல அது.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்," கடைசி நாற்காலியிலிருந்து சிவராம் சொன்னார். "நீ ஊர்ல இல்லாதப்ப எல்லாத்தையும் பிரிச்சுத் திருப்பித் தச்சேன். ரெண்டு விரக்கடை குறைஞ்சிருக்கும். ஆனா எந்தக் கோட்ட வேணா அளந்து பாரு. மிஷின் ஓட்டவே இதுக்காகத்தான் கத்துக்கிட்டேன், கோதை."

"ஆன்ட்டி, கை வலிக்குது," என்றாள் அனு மெதுவாக. "எறக்கிடலாமா?"

"இரும்மா."

இந்த இடத்தில் மார்கரெட் நூலைப் பல்லால் கடித்தாள். "பேண்ட் ரெடி அண்ணாத்த."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? அது அவுங்க வூட்டு விசயம்."

4

ஆக, முடிவு என் தலையில்.

முதலாவது: கோதை துணியைக் கீழே போட்டுவிட்டு, "இத்தனை வருஷமா ஒரு கத்தரிக்காயக்கூட..." [என் மனைவி படித்துவிட்டு, "அவர் பாவம்ங்க" என்றாள். அந்த முடிவை அடித்துவிட்டேன்.]

இரண்டாவது: "ரொம்ப அழகா இருக்குங்க" என்கிறாள். கைதட்டல். அதற்கப்புறம் கோதை கோணலாக வெட்டவே இல்லை. இதை எழுதும்போது எனக்குப் பயமாக இருந்தது. நடந்திருக்கக்கூடியது இதுதான்.

மூன்றாவது: இருவரும் சேர்ந்து பாதி நேராகவும் பாதி... சீ, வெட்கமாக இருக்கிறது.

எதைப் போட்டாலும் கோதையைத் திருத்துகிறவன் நான்தான். சிவராமாவது அதற்காகத் தையல் கற்றுக்கொண்டார். [பேண்டை வீட்டில் போட்டுப் பார்த்தேன். இடது கால் சற்றுக் குட்டை. இருக்கட்டும்.]

5

அன்று கடை வாசலில் நான் செருப்பு மாட்டும்போது மார்கரெட் மனசு கேட்காமல் இன்னும் கொஞ்சம் சொன்னாள். அதை மட்டும் தருகிறேன்.

துணிக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. "ஏங்க, உங்க பாக்கெட்ல நூல் வெட்டற கத்தரி இருக்குமே. குடுங்க."

சிவராம் எழுந்து வந்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி திருப்பிக் கொடுத்தார். "நான் பிரிச்சுத் தரட்டுமா?"

"வேணாம். நீங்க அனு முனையப் பிடிங்க. பாவம், அவளுக்குக் கை வலிக்குதாம்."

பிடித்துக்கொண்டார். முனை மட்டமாக இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்தும்கொண்டார்.

கோதை பின்னால் கத்தரியோடு நிற்கிறாள். முகம் தெரியாது, விதி அப்படி. அந்தக் கடைசி நாற்காலி இப்போது காலி. நீங்கள் உட்காருங்கள். அவள் என்ன செய்வாள் என்று நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது; சிவராமுக்கும் வயசாகிறது, அவர் துணியை இறக்குகிற மாதிரி இல்லை.