வெளியே போகும் நாட்கள்

பெட்டியில் 'செவ்வாய்' என்றிருந்த மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கிடந்தது. புதன்கிழமையிலும் அதே. திங்கள் மட்டும் துடைத்துவைத்த மாதிரி காலியாக இருந்தது.

அப்பாவுக்குக் கழுத்தில் கட்ட டை எடுத்துவரச் சொல்லித்தான் அம்மா மகளை இந்த அறைக்கு அனுப்பியிருந்தாள். மூன்று மணிக்கு அடக்கம். உடுப்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சபை மூப்பர் கூடத்தில் காத்திருந்தார். டைகளுக்கு நடுவே இந்த மாத்திரைப் பெட்டி இருந்தது. ஏழு அறை, நாளுக்கு ஒன்று. அறுபத்தெட்டு வயதில் வீட்டைப் பூட்டிவிட்டு, ஒன்றரை வருஷம் ஊழியம் செய்கிறோம் என்று அப்பாவும் அம்மாவும் கடல் தாண்டி இந்த ஊர்ச் சபைக்குக் கிளம்பியபோது மகள்தான் வாங்கிக் கொடுத்தாள்.

பதினெட்டு வருஷமாக மருந்துக் கடை நடத்துகிறவள். மாத்திரையின் முகத்தைப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவாள். இது நீர் மாத்திரை. பலவீனமான இதயக்காரர்களுக்கு உடம்பில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றுவது. விட்டால் முதலில் கால் வீங்கும், பிறகு தண்ணீர் நெஞ்சுக்கு ஏறும். அப்பா போனது வியாழன் விடியற்காலையில். நுரையீரல் முழுக்கத் தண்ணீர் என்று டாக்டர் போனில் சொன்னார். மாத்திரை போடுகிறவருக்கு அது எப்படி என்று விமானத்தில் வரும்போதெல்லாம் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

இப்போது தெரிந்தது, போடவில்லை. அன்றாட ஐந்து மாத்திரையில் மற்ற நான்கையும் விழுங்கிவிட்டு இதை மட்டும் விட்டிருக்கிறார். மறதி இப்படிப் பொறுக்கியெடுத்து வேலை செய்யாது.

"டை மேல்தட்டுல இருக்குன்னு சொன்னேனே."

அம்மா வாசலில் நின்றாள். மகள் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. வந்து பெட்டியை வாங்கி, மூடிகளை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டு, புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

"அப்பா மாத்திரையெல்லாம் ஒழுங்கா போட்டாராம்மா?"

"நேரமாகுதுடி. மூப்பர் நிக்கிறார்."

காலையில் வந்து இறங்கியதிலிருந்து இப்படித்தான். என்ன ஆச்சு என்று கேட்டால் ஆண்டவர் கூப்பிட்டுக்கொண்டார் என்பாள். எத்தனை நாளாக மூச்சுத் திணறல் என்று கேட்டால் காபி குடிக்கிறாயா என்பாள். சமையலறையில் மூப்பரோடு எதையோ காதும் காதும் வைத்தாற்போல் பேசிக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே போனதும் பேச்சு பாத்திரம் கழுவுவதைப் பற்றி மாறிவிட்டது. அப்போது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது எல்லாவற்றையும் கோத்துப் பார்த்தாள்.

அம்மா டையோடு கூடத்துக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டுத் தேடினாள். அலமாரியில் அம்மாவின் புடவைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. எடுக்கும்போதே கலகலத்தது. கட்டில் விரிப்பில் கொட்டி, கடையில் எண்ணுகிற மாதிரியே விரலால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணினாள். நூற்று மூன்று. எல்லாம் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை.

வாராவாரம் பெட்டியை நிரப்புகிறவள் அம்மா. புடவை அம்மாவுடையது. யாரைச் சந்தேகப்பட என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

திங்கட்கிழமைதோறும் அம்மா எழுதும் கடிதம் அவள் நினைவுக்கு வந்தது. போன மாதக் கடிதம் ஒன்றில், 'உன் அப்பா மாத்திரையால் அல்ல, ஜெபத்தால்தான் நடமாடுகிறார்' என்று இருந்தது. அம்மா எப்போதும் எழுதுகிறதுதானே என்று சிரித்துவிட்டுக் கல்லாப்பெட்டிக்குள் போட்டுவிட்டாள். ஜெபத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டாளா? ஊழியத்துக்கு வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது அம்மாதான். அப்பா பாவம், முப்பத்தைந்து வருஷம் தபால்காரராக இருந்தவர். எந்த வீட்டிலும் வாசலைத் தாண்டாதவர். வெயிலில் நாக்கு வறண்டாலும் ஒரு வாய் தண்ணீர் கேட்கக் கூச்சப்படுவார். அந்த மனிதரை வீடு வீடாகக் கூட்டிப்போய் உட்கார வைத்திருக்கிறாள்.

சமையலறையில் அம்மா மட்டும் இருந்தாள். குளிர்பதனப் பெட்டியின் கதவில் அப்பாவின் முத்து முத்தான கையெழுத்தில் வாராந்தர அட்டவணை ஒட்டியிருந்தது. திங்கள் துணி துவைத்தல், கடிதம். செவ்வாய், புதன் வீடு சந்திப்பு. வியாழன் ஆஸ்பத்திரி சந்திப்பு. வெள்ளி வேத வகுப்பு. சனி ஓய்வு. ஞாயிறு ஆராதனை, பிறகு வீடு சந்திப்பு. இன்று சனி.

மகள் டப்பாவை மேடைமேல் வைத்தாள்.

"இது என்னம்மா?"

அம்மா டப்பாவைப் பார்த்தாள். குழாயை மூடினாள்.

"ஜெபம் பண்ணினா போதும்னு நிறுத்திட்டியா? உண்மையைச் சொல்லு. எனக்குப் பொய் வேண்டாம்."

அம்மா பொய் சொல்லி அவள் பார்த்ததே இல்லை. வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னால்கூடச் சொல்லமாட்டாள். அதற்காகக் கடன்காரர், உறவுக்காரர் எல்லோரிடமும் அப்பா மாட்டிக்கொண்டதுண்டு. அம்மா ஈரக்கையைத் துடைத்தாள். மகளை ஏற இறங்கப் பார்த்தாள். எதையோ எடை போடுகிறவள் போலிருந்தது.

"ஆமா," என்றாள். "நான்தான் நிறுத்தச் சொன்னேன். விசுவாசம் இருந்தா போதும்னு சொன்னேன். அவரும் கேட்டுக்கிட்டார்."

மகள் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கத்துவோம் என்று நினைத்தாள். குரல் தாழ்ந்துதான் வந்தது.

"கொன்னுட்டியேம்மா."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடக்கம் முடிஞ்சதும் சாயங்கால விமானத்துல நான் போயிடுவேன். இனிமே எனக்கு லெட்டர் போடாதே. வீட்டுக்கும் வராதே."

"சரி," என்றாள் அம்மா.

அந்தச் 'சரி' மகளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. தனி ஆளாக ஊழியத்தில் இருக்க முடியாது, ஜோடியாகத்தான் இருக்க வேண்டும், அதனால் அம்மா மாதக் கடைசிக்குள் ஊர் திரும்ப வேண்டும் என்று மூப்பர் காலையிலேயே சொல்லியிருந்தார். திரும்பினால் அம்மாவுக்கு இருப்பது ஒரு பூட்டிய வீடும் இந்த ஒரே மகளும்தான். அவளும் வேண்டாம் என்றால் யார்? இருந்தும் கெஞ்சவில்லை, அழவில்லை, சரி என்கிறாள். கல்நெஞ்சம் என்று நினைத்துக்கொண்டாள் மகள்.

இரண்டு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. பஸ் ஓட்டுகிறவர், ஓட்டல் துப்புரவு வேலைக்காரப் பெண்கள், கட்டட மேஸ்திரி, எல்லோரும் பிழைக்க வந்து இந்த ஊரில் தங்கிவிட்ட, நம் மொழி பேசுகிற ஜனங்கள். கதவோரம் நின்று எல்லோருக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தாள் மகள். மூச்சு வாங்கிக்கொண்டே படியேறி வந்த தடித்த அம்மாள் ஒருத்தி நேராக அவளிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதானே மருந்துக் கடைப் பொண்ணு? முகமே சொல்லுது. நான் தையல்காரி. உங்கப்பாவும் அம்மாவும் செவ்வாய்க்கிழமையானா எங்க வீட்டுக்குத்தான் முதல்ல வருவாங்க."

கூடத்தின் அந்தக் கோடியில் அம்மா எழுந்து நிற்பதை மகள் பார்த்தாள். "அக்கா, இந்தப் பக்கம் வாங்க. இங்க ஃபேன் இருக்கு," என்றாள் அம்மா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இந்தத் தையல்காரிக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது, அதுதான் அம்மா பதறுகிறாள் என்று மகளுக்குப் பட்டது. பிடித்த கையை விடாமல் கேட்டாள்.

"அப்பா எப்படி இருந்தார் ஆன்ட்டி? கடைசியா பார்த்தப்போ?"

"நல்லாத்தான்மா சிரிச்சுப் பேசினார். கால்தான் வீங்கியிருந்தது. எவ்வளவு கெஞ்சினாலும் எங்க வீட்ல ஒரு டீ குடிக்கமாட்டார். ஏன்னு குடைஞ்சு குடைஞ்சு கேட்டேன். தண்ணி மாத்திரை ஒண்ணு இருக்காம், போட்டா அரை மணிக்கு ஒருதரம் போகணுமாம். எங்க வீட்ல கக்கூஸ் மருமகள் படுக்கிற ரூமைத் தாண்டித்தான். அங்க எப்படிம்மா போறது, ஜெபம் பண்ண வந்த வீட்லன்னு அவருக்கு ஒரே வெக்கம். அதனால வெளிய போற நாள்ல அதைப் போடறதே இல்லைன்னார்."

"அக்கா," என்றாள் அம்மா. வந்து சேர்ந்துவிட்டாள்.

"இருங்கம்மா, பொண்ணு கேக்குதில்ல. எனக்குப் பயமா போச்சு. டாக்டர்கிட்ட கேட்டீங்களான்னேன். அவர் சிரிக்கிறார். டாக்டர் எதுக்கு, என் மகளே கடை வச்சிருக்கா, போன்ல கேட்டுட்டேன், விட்டா ஒண்ணும் ஆகாதுன்னு அவளே சொல்லிட்டா, அவ சொன்னா சரியா இருக்கும்னார். உன் பேச்சை எடுத்தா அவ்வளவு பெருமைம்மா அவருக்கு."

மகள் கையை விட்டாள்.

அப்பா போன் பண்ணிய அந்த மாசக் கடைசி சாயங்காலம் நினைவுக்கு வந்தது. கடையில் ஆள்மேல் ஆள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே போகிற அன்னைக்கு அந்தச் சின்ன மாத்திரையை விடலாமா என்று அப்பா கேட்டார். ஒரு நாள் விட்டா ஒண்ணும் ஆகாதுப்பா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாள். அப்புறம் பேசவில்லை. அவர் வெளியே போகிற நாள் வாரத்தில் ஐந்து என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் அனுப்பிய மருந்துப் பொட்டலம் வந்து சேர்ந்ததென்று சொல்லத்தான் அன்று கூப்பிட்டிருந்தார். ஐந்து மாதம் ஆகிறது.

அம்மாவைப் பார்த்தாள். அம்மா தையல்காரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லை. மகளுக்குத் தெரியக் கூடாதென்று எவ்வளவோ கட்டிக் காத்தும் கைநழுவிப் போன அலுப்பு மட்டும் அந்த முகத்தில் இருந்தது.

கீழே வண்டியின் ஹாரன் கேட்டது. ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கத் தொடங்கினார்கள். தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் என்ன சொன்னோம் என்று தெரியாமலே, படியில் கையூன்றி இறங்கினாள்.

அம்மா வாசலோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்து செருப்பை மாட்டப் பார்த்தாள். வீடு சந்திப்புக்குப் போகிற கறுப்பு வார்ச் செருப்பு. வார் கொக்கிக்குள் நுழையவில்லை.

மகள் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, அன்னைக்குக் கடையில..."

"வண்டி நிக்குது," என்றாள் அம்மா.

மகள் அம்மாவின் காலைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். வாரை இழுத்தாள். கண் மறைத்தது. தடவித்தான் கொக்கியைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"இறுக்குதாம்மா?"

"இல்ல."

அம்மா அந்தக் காலை இறக்கி வைத்துவிட்டு மற்றக் காலை நீட்டினாள்.