வானம் வைத்த வெடி

பெங்களூர் பிரேசர் டவுனில் அன்று ஆஷாவின் கேக் கடைத் திறப்பு விழா. கால் சென்டர் வேலையை விட்டுவிட்டு அவள் ஆரம்பிக்கும் கடை. இது படுத்துவிட்டால் மறுபடியும் ஹெட்போனைத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். அவள் அப்பா குணசேகர் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வெடி வைத்தவர். வந்தவர்களுக்கு நாற்காலி போடும் அளவுக்கு மட்டுமே அங்கே தனக்கு மதிப்பு என்பது அவருக்கே தெரியும்.

பத்து மணிக்கு வானத்தில் இன்னொரு சூரியன் பளீரென்று எரிந்து அணைந்தது. சத்தமே இல்லை. வந்திருந்த இருபது பேரும் கைபேசியோடு முகப்புக் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டார்கள்.

குணசேகர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். வெளிச்சம் வந்தாயிற்று, சத்தம் வரவில்லை. திரி எரிந்து வெடி வெடிக்காத இடத்துக்குப் பக்கத்தில் எவனாவது நிற்பானா?

"கண்ணாடிகிட்ட நிக்காதீங்க! எல்லாரும் டேபிளுக்கு அடியில போங்க!"

"அப்பா, ப்ளீஸ். மானத்த வாங்காதீங்க."

"அப்புறமா திட்டும்மா. இப்பக் குனி!"

சிரித்துக்கொண்டே, கிழவர் மனசு நோகக் கூடாதே என்று ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். கன்னடக்காரரான கட்டட ஓனர் கிருஷ்ணப்பா மட்டும் அசையவில்லை. "ஏனிது குணசேகர்? நான் சீஃப் கெஸ்ட்டு!"

குணசேகர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். சீஃப் கெஸ்ட் கையிலிருந்த கேக்கோடு கவுன்ட்டருக்குப் பின்னால் விழுந்த அதே நேரம் ஊரே அதிர்ந்தது. முகப்புக் கண்ணாடி முழுவதும், அத்தனை பேரும் நின்றிருந்த இடத்தில் கொட்டியது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

தொடர்ந்து சின்னச் சின்ன வெடிகள். குணசேகர் விரல் விட்டு எண்ணினார். சுரங்கத்தில் வைத்த வெடியும் கேட்ட வெடியும் கணக்குச் சரியாக வந்தால்தான் எழுந்திருக்கலாம்.

"ஆறு... யாரும் எழுந்துக்காதீங்க!"

"மொத்தம் எத்தனைப்பா?"

அவர் மடக்கிய விரல்களைப் பார்த்தார். "மேல எத்தனை வெச்சாங்கன்னு நமக்கு யாரும் சொல்லலியேம்மா."

டேபிள்களுக்கு அடியில் சிரிப்பு வெடித்தது. ஆனாலும் இருபது நிமிஷம் யாரையும் அவர் எழுந்திருக்க விடவில்லை. கிருஷ்ணப்பா சட்டையில் அப்பியிருந்த க்ரீமை விரலால் வழித்து நக்கினார். "சென்னாகிதெ, நல்லா இருக்கு ஆஷா! எனக்கு இன்னொரு பீஸ் கொடும்மா."

அது வானத்திலிருந்து வந்த கல் என்று பிறகு கைபேசியில் செய்தி வந்தது. வெளியே தெருவெல்லாம் கண்ணாடித் தூள். வேறு எந்தக் கடையும் திறக்கவில்லை. கண்ணாடித் தூள் விழுந்த முகப்புக் கேக்குகளை ஆஷா குப்பையில் கொட்டினாள்.

"மூடிடலாமாப்பா?"

"எதை மூடுவ? கண்ணாடியே இல்லியே."

நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு பெண்மணி வெறும் சட்டத்தின் வழியாகத் தலையை நீட்டினாள். "காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. பன்னு கின்னு இருக்காம்மா?"

உள்ளே அடுப்படியில் மூடி வைத்த பன் இருந்தது. அவளுக்குப் பின்னால் தெருவைக் கூட்ட வந்தவர்கள், போலீஸ்காரர், ஆட்டோக்காரர்கள் என்று வரிசை தெருமுனை வரை நீண்டது. வெடித்த நொடியில் எங்கே நின்றோம் என்று ஆளாளுக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே தின்றார்கள். மாவு பிசைந்து பிசைந்து குணசேகருக்குத் தோள்பட்டை கழன்றது.

மூன்று மணிக்கு ஆஷா ஸ்டூல் மேல் ஏறினாள்.

"மாவு காலி! நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வாங்க. கடை இருக்கும்!"

வரிசை விசிலடித்தது.